அரிசி மாவும் செம்மண்ணும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் திருச்செங்கோட்டில் கூடிய கூட்டமொன்றில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் குடிநீர், சாலை, தெருவிளக்கு, கால்நடை மருந்தகம் ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் ஓவியரைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். "குழாயில் நீர் ஒழுங்காக வரவில்லை, இவர் ஓவியம் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. ஆயினும், ஓவியத்தில் தொடங்கும் இப்பேச்சு நிலத்திலும் கூலியிலும் மனுக் காகிதத்திலும் வந்து முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

முதலில், இப்பேச்சுக்குக் காரணமாக அமைந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற வேண்டும்.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடிக் கட்டடம் ஒன்றைப் பழுது பார்த்தோம். சுவர்களுக்குச் செங்காவி நிறம் பூசி, அதன்மேல் வெண்ணிறத்தில் குச்சிக் கையும் குச்சிக் காலும் உடைய மனிதர்கள் கைகோத்து வட்டமாக ஆடும் படங்களை எழுதச் சொன்னேன். இத்தகைய படங்களைப் பள்ளிச் சுவர்களிலும், புடவைகளிலும், தேநீர்க் குவளைகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் இருந்த படம் ஒன்றைக் காட்டி, "இதைப் போல எழுதிவிடுங்கள்" என்று பணித்தேன். வண்ணம் பூசுபவர் அட்டையில் வெட்டிய அச்சை வைத்து அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். பார்வைக்கு அழகாகவே இருந்தது.

நான் அதைப் பார்வையிடச் சென்ற அன்று, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் துடைப்பத்தை நிறுத்தி என்னை நோக்கினார். "ஏனுங்க சார், இவியெல்லாம் எந்த ஊருச் சனமுங்க? மூஞ்சியே எழுதாம உட்டுட்டாங்களே?" என்று வினவினார்.

"இது வார்லி ஓவியம், அம்மா" என்றேன்.

"வார்லின்னா ஊருங்களா, ஆளுங்களா?"

அவ்வினாவிற்கு எனக்கு விடை தெரியவில்லை. பட்டம் பெற்றவன், அரசுப் பணியில் பல்லாண்டுகள் கழித்தவன். இருந்தும், புடவைக் கரையின் பெயரைப் போல அதுவும் ஏதோ ஒரு வேலைப்பாட்டின் பெயர் என்றே அதுநாள்வரை எண்ணியிருந்தேன். அரசுப் பணத்தில், அரசுச் சுவரில், யாருடைய உருவத்தை எழுதச் சொன்னோம் என்பதே எனக்குத் தெரியாமற் போயிற்று. அன்றிரவே அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அம்மூதாட்டிக்கு நான் சொல்ல வேண்டிய விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வார்லி மக்கள்

வார்லி என்பது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். மும்பைக்கு வடக்கே, குசராத்து எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் வாழும் பழங்குடியினர் அவர்கள். 2014-ஆம் ஆண்டு தாணே மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட பால்கர் மாவட்டத்தில் அவர்கள் மிகுதியாக வாழ்கின்றனர். நம் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்திய நாட்டில் பல மாநிலங்களுக்கும் செல்பவை. அவற்றில் பணி புரிந்தவர்கள் இங்கே இருப்பின், தகாணு, தலாசரி என்னும் ஊர்ப் பெயர்களைக் கேள்வியுற்றிருக்கலாம்.

அம்மக்கள் மழையை நம்பி நெல் பயிரிடுவோர். மழைக்காலத்தில் உழவு, மற்றைய காலத்தில் கூலி வேலை, மீன் பிடித்தல், காட்டில் கிடைப்பதைச் சேகரித்தல். ஒரு காலத்தில் தம் நிலங்களை இழந்து, நிலக்கிழார்களிடம் கட்டாய ஊழியம் செய்யும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தனர். 1945-ஆம் ஆண்டு அக்கொடுமையை எதிர்த்து ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தனர். அவ்வெழுச்சியை முன்னின்று நடத்தியவருள் கோதாவரி பருலேகர் என்னும் அம்மையார் முதன்மையானவர். நாம் சுவரில் காணும் குச்சி மனிதர்கள் இத்தகைய வரலாறு உடைய மனிதர்கள் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அவர்களுடைய குடிசைச் சுவர் கர்வி என்னும் செடியின் தண்டுகளால் பின்னப்படுவது. இக்கர்வி நம் குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. பின்னிய தட்டியின்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவர். அதன்மேல் செம்மண் பூச்சு. அரிசியை அரைத்த மாவில் நீரும் பிசினும் கலந்து, நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கிற் குச்சியால் அச்சுவரில் எழுதுவர். சாணம், செம்மண், அரிசி மாவு! தாய்மார்களே, இவற்றுள் உங்கள் வீட்டில் இல்லாதது எது? வாசல் மெழுகிச் செம்மண் இழை போட்டு அரிசி மாக்கோலம் எழுதும் உங்களுக்கு, இந்த ஓவியத்தின் மூலப் பொருள்கள் அந்நியமானவை அல்ல.

ஓவியத்தின் இலக்கணமும் எளியது. வட்டம், முக்கோணம், சதுரம் என்னும் மூன்றே உருவங்கள். ஞாயிறும் திங்களும் வட்டம். மலையும் மரமும் முக்கோணம். சதுரம் தெய்வம் உறையும் எல்லை. இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை பொருத்தினால், நம் உடுக்கையைப் போன்ற வடிவம் கிடைக்கும். அதுவே மனித உடல். தலைக்கு ஒரு வட்டம், கைகால்களுக்குக் கோடுகள். முகம் எழுதுவது வழக்கமில்லை. ஆயினும், குனிந்து நாற்று நடுபவரும், மூங்கிற் கூடையைச் சுமப்பவரும், சுரைக்குடுக்கையும் மூங்கிலும் கொண்டு செய்த 'தார்ப்பா' என்னும் கருவியை ஊதுபவரும் இன்னார் என்பது உடல் வளைவிலேயே விளங்கிவிடும். வட்டமாகச் சுழன்று ஆடுவோரின் நடுவே நிற்பவர் அந்தத் தார்ப்பாக்காரர்தாம்.

இதை முன்னர் எழுதியவர்கள் பெண்கள். திருமணத்தின்போது சுமங்கலிப் பெண்கள் கூடி, வீட்டுச் சுவரில் 'சௌக்' என்னும் சதுரத்தை எழுதி, அதனுள் பாலகாட் என்னும் பயிர் வளம் தரும் தாய்த் தெய்வத்தை எழுதுவர். அச்சதுரம் எழுதப்படாமல் திருமணம் நிறைவேறாது. விழா முடிந்த பிறகு சுவர் கரையும், ஓவியமும் கரையும். மறு திருமணத்தில் மறுபடி எழுதுவர். நம் வாசற் கோலம் காலையில் எழுந்து மாலைக்குள் மறைவதைப் போன்றதே இதுவும்.

பேச்சை இழந்த சிறுவன்

இத்தகைய குடியில் 1934-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிவ்யா சோமா மாஷே. ஏழு வயதளவில் தாயை இழந்தார். அத்துயரால் அவர் வாய் அடைத்துப் போயிற்று. பல ஆண்டுகள் அவர் பேசவில்லை. பசி என்றாலும், வேண்டுவது எது என்றாலும், புழுதியில் விரலால் படம் எழுதிக் காட்டுவார். ஊரார் அந்தப் படத்தைப் படித்தே அவர் கருத்தை அறிந்தனர். தகாணு வட்டத்துக் கஞ்சாடு என்னும் ஊரைச் சேர்ந்த குடியிருப்பு ஒன்றில் அவர் வளர்ந்தார். இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

பெண்கள் திருமணத்திற்கென மட்டும் எழுதிவந்ததை, ஆண்மகனாகிய இவர் நாள்தோறும் எழுதலானார். தெய்வச் சதுரத்தைச் சுற்றி ஓரங்களில் சிறிதாக இடம் பெற்றிருந்த வயல், களம், காடு, ஆறு ஆகியவை இவர் கையில் பெரிதாக விரிந்தன. மீன்வலை ஒன்றை அவர் எழுதினால், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே தெரியும். எறும்புப் புற்றை எழுதினால், ஊரும் எறும்புகளை எண்ணிவிடலாம் போலத் தோன்றும். நெற்களத்தில் சுற்றும் மாடுகளும், போர் அடிப்பவரும், சிந்திய மணியைப் பொறுக்க வந்த பறவையும் ஒரே படத்தில் இருக்கும். வாழ்வு என்பதே ஓயாத அசைவு என்பது அவர் கொள்கை. ஆதலால் அவருடைய ஓவியத்தில் சும்மா நிற்பவர் எவரும் இலர்.

உழவர் பெருமக்களே, அரசவைகளையும் அரசர்களையும் எழுதிய ஓவியர் பலருண்டு. களத்து மேட்டையும் அதில் வேலை செய்யும் கூலியாளையும் ஆயுள் முழுதும் எழுதியவர் எத்தனை பேர்? களத்தில் நின்ற ஒருவரே அதை எழுதினார் என்பதே அவ்வோவியத்தின் சிறப்பு. கதிர்க்கட்டைச் சுமந்து பழகிய தோளுக்குத்தான் சுமை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பது தெரியும்.

தாளுடன் வந்த ஓர் ஊழியர்

இவரை வெளியுலகம் அறிந்தது எவ்வாறு? இங்கேதான் நம்மைப் போன்ற பொதுப் பணியாளர்களுக்கு ஒரு பாடம் உள்ளது.

1966, 1967-ஆம் ஆண்டுகளில் பீகாரில் கொடிய வறட்சி ஏற்பட்டது. மிதிலைப் பகுதியில் மண் சுவரில் படம் எழுதும் வழக்கமுடைய பெண்கள் இருந்தனர். அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் பணிகளை நடத்திவந்த புபுல் ஜெயகர் அம்மையார், பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரைத் தாள்களுடன் அங்கே அனுப்பினார். சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தாருங்கள்; அதை விற்றுத் தருகிறோம் என்பதே ஏற்பாடு. கல் உடைக்கும் வேலை ஒன்றே வறட்சி நிவாரணம் என்று எண்ணாமல், அம்மக்களின் கையில் ஏற்கெனவே இருந்த திறமைக்கு வேலை கொடுத்தார்கள். இன்று மதுபனி ஓவியம் என்று உலகம் முழுதும் பெயர் பெற்றிருப்பது அதுவே.

அதே பாஸ்கர் குல்கர்னி 1970-களின் தொடக்கத்தில் வார்லி மக்களின் ஊர்களுக்கும் சென்றார். அங்கே ஜிவ்யா சோமா மாஷேயின் கைவண்ணத்தைக் கண்டு, அவருக்குத் தாள் கொடுத்து ஊக்கினார். கரைந்து போகும் சுவரிலிருந்து தாளுக்கும், பின்னர்ச் சாணம் பூசிய துணிக்கும் அவ்வோவியம் மாறியது. மும்பையில் கண்காட்சி நடந்தது. 1976-ஆம் ஆண்டு தேசிய விருது வந்தது. 2002-ஆம் ஆண்டு சில்ப குரு விருதும், 2009-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் பிரின்ஸ் கிளாஸ் விருதும், 2011-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. ஐரோப்பிய நாடுகளின் கலைக்கூடங்களில் அவருடைய ஓவியங்கள் இடம் பெற்றன. 2018-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், கஞ்சாடு ஊரிலேயே, தம் 84-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவரால் ஊர் பெற்ற பயன் யாது என்பதே நமக்கு முக்கியம். அவருடைய மக்கள் சதாசிவும் பாலுவும் ஓவியர்களாயினர். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் இளைஞர் பலர் எழுதக் கற்றனர். அதற்கு முன்னர் ஆடவர் கை வைக்காத கலை, வீட்டுக்கு வருமானம் தரும் தொழிலாயிற்று. மழை ஓய்ந்த மாதங்களில் வேலை தேடி வெளியூர் சென்றவர்களுள் சிலரேனும் வீட்டிலேயே இருந்து பிழைக்க வழி பிறந்தது. வார்லி ஓவியத்திற்குப் புவிசார் குறியீடும் பின்னர்க் கிடைத்தது. நம் சேலம் ஜவ்வரிசிக்கும் வெண்பட்டுக்கும் உள்ள அதே பாதுகாப்புத்தான் அது. ஒரு மனிதரின் கை ஒரு குடியின் கையைத் தூக்கிவிட்டது.

இரண்டு குறைகள்

அன்பர்களே, புகழ் பாடுவதோடு நின்றுவிட்டால் உரை முழுமை பெறாது. இவ்வரலாற்றில் என் மனத்தை உறுத்தும் இரண்டு செய்திகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது நிலம். தேசிய விருது பெற்ற காலத்தில் அவர் வேண்டியது பொன்னும் பொருளுமன்று. உழுது பயிரிடச் சிறிது நிலமே. தருவதாக உறுதி கூறப்பட்ட அந்நிலம், பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே, அவர் முதுமையடைந்த பின்பே கைக்கு வந்தது. உலகம் வியந்த ஓவியருக்கே இந்நிலை என்றால், பெயர் அறியாத ஏழையின் மனுவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? விருது வழங்க ஒரு மாலை போதும். கோப்பு நகர ஒரு தலைமுறை ஆகலாம். அலுவலர் என்ற முறையில் இதை நான் வெட்கத்துடனேயே சொல்கிறேன்.

இரண்டாவது பெண்கள். தலைமுறை தலைமுறையாகத் திருமணச் சுவரில் எழுதிவந்த பெண்களே இக்கலையைக் காத்தவர்கள். ஆனால் அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் உலகிற்குத் தெரியும்? ஜிவ்யா சோமா மாஷேயின் பெருமையை இது குறைக்காது. ஆயினும், தாய் எழுதிய சுவரைப் பார்த்தே மகன் எழுதக் கற்கிறான் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் வேறொரு பழங்குடிப் பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பீல் குடியைச் சேர்ந்த பூரி பாய், போபால் நகரில் பாரத் பவன் என்னும் கலைக்கூடம் கட்டப்பட்டபோது, அங்கே கல்லும் மண்ணும் சுமந்த கூலித் தொழிலாளி. சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அக்கலைக்கூடத்தில் பொறுப்பேற்றிருந்தார். அவர் கட்டட வேலைக்கு வந்த பெண்களிடம் சென்று, "உங்கள் ஊரில் சுவரில் என்ன எழுதுவீர்கள்? எனக்கு எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்டார். எழுதிய நேரத்திற்கு, மண் சுமந்த கூலியைவிட மிகுதியாகக் கொடுத்தார். அதே பூரி பாய் 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். கூலிப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருந்த ஒருவரிடம் ஒருவர் சென்று ஒரு வினா வினவியதால் விளைந்தது இது. நம் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் என்னென்ன திறமைகள் உள்ளன என்று நாம் என்றேனும் வினவியதுண்டா?

நம் நாட்டிலும் உண்டு

தொலைவில் உள்ளதையே வியந்து, அருகில் உள்ளதைக் காணாதிருத்தல் நம்மிடம் உள்ள பழக்கம். நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கோம்பைப் பகுதியில் ஆலு குறும்பர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுக்கும் தொன்மையான ஓவிய மரபு உண்டு. வேங்கை மரத்துப் பிசினிலிருந்து செந்நிறமும், இலையைக் கசக்கிய சாற்றிலிருந்து பச்சையும் எடுத்து, தேன் எடுத்தலையும், விழாவையும், விலங்குகளையும் எழுதுவர். நம் கொங்கு நாட்டிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்ச் சேரும் தொலைவில் இருக்கும் அவர்களுடைய கலை, நம் பள்ளிச் சுவர்களில் எத்தனை இடத்தில் உள்ளது?

நம் நாமக்கல் மாவட்டமும் ஓவியத்திற்குப் புதிதன்று. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைப் பாடலால் அறிவோம். அவர் கவிஞராகப் பெயர் பெறுவதற்கு முன்னரே தேர்ந்த ஓவியர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். லாரிகளின் நெற்றியிலும் பக்கப் பலகையிலும் தாமரையும் மயிலும் எழுதும் கைகள் நம் ஊர்களில் உண்டு. மாட்டுப் பொங்கலன்று பட்டியில் தெப்பக்குளம் கட்டிச் செம்மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு அழகு செய்யும் முதியவர்கள் உண்டு. மார்கழி முழுதும் ஒரு நாள் போட்ட கோலத்தை மறுநாள் போடாத பெண்கள் உண்டு. அவர்களிடம் எவரும் சென்று வினவவில்லை, அவ்வளவே.

மூதாட்டியின் சுவர்

இதையெல்லாம் படித்த பிறகு, அந்தச் சிற்றூருக்கு மீண்டும் சென்றேன். வார்லி என்றால் யார் என்பதை அம்மூதாட்டிக்குச் சொன்னேன். பொறுமையுடன் கேட்டார். "அப்ப அவியளும் நம்மளாட்டம் காட்டு வேலைக்காரங்கதான்" என்றார். "உங்களுக்குச் சுவரில் எழுத வருமா?" என்று கேட்டேன். "கோலந்தானுங்க வரும்" என்று நாணத்துடன் மறுத்தார். அங்கன்வாடியின் பின்புறத்துச் சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. "இதில் நீங்கள் நினைத்ததை எழுதுங்கள். வண்ணம் பூசுபவருக்குக் கொடுத்த கூலியே உங்களுக்கும்" என்று கூறித் திரும்பினேன்.

பத்து நாள் கழித்துச் சென்று பார்த்தபோது, அச்சுவரில் ஒரு கிணறு இருந்தது. கிணற்றின் மேல் உருளை, வடக்கயிறு, நீர் மொண்டு வரும் பறி, சரிவில் இறங்கும் இரண்டு எருதுகள், கயிற்றின்மேல் ஏறி அமர்ந்து எருதுகளை ஓட்டும் ஒருவர். நம் பாட்டன்மார் இறைத்த கவலை ஏற்றம்! மின்சார இறைப்பான் வந்த பிறகு நம் காடுகளிலிருந்து மறைந்துபோன அதனை, தம் தந்தையார் ஓட்டக் கண்ட அம்மூதாட்டி, கோலம் போடும் விரல்களால் எழுதியிருந்தார். கோடுகள் சில இடங்களில் கோணலாகவே இருந்தன. ஆனால் எருதுகள் பின்னோக்கி நடந்து மேலேறும்போது கழுத்து எப்படித் திரும்பும் என்பது அதில் சரியாக இருந்தது. சுவரின் முன் நின்ற குழந்தைகள், "பாட்டி, மாடு ஏன் கெணத்துக்கு முதுகக் காட்டிட்டுப் போவுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர் விளக்கிக்கொண்டிருந்தார். முன்புறத்துச் சுவரின் முன் குழந்தைகள் நின்று வினவியதை நான் கண்டதில்லை.

அவருக்கு வேறு ஏதேனும் வேண்டுமா என்று கேட்டேன். "ஒன்னும் வேண்டாமுங்க. முதியோர் பணத்துக்கு எழுதிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு, அது என்னாச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு உடனே ஜிவ்யா சோமா மாஷேயின் நிலம் நினைவுக்கு வந்தது. அம்மனு ஓர் அலுவலகத்தில், வயதுச் சான்று இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு, எவரும் எடுத்துப் பார்க்காமல் கிடந்தது. சான்று பெற்று இணைத்தோம். மனு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை. முடியும்வரை நான் விடப்போவதில்லை என்பதை இந்தச் சபையில் சொல்லி வைக்கிறேன். நீங்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஊராட்சி செய்யத்தக்கன

இனி, ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: பொதுச் சுவரில் படம் எழுதும் திட்டம் வரும்போது, கடையில் அச்சைத் தேடுமுன், ஊரில் எழுதத் தெரிந்தவர் யார் என்று கிராம சபையில் கேளுங்கள். வயதானவர்களையும் பெண்களையும் சிறப்பாகக் கேளுங்கள். நாணத்தால் முதலில் மறுப்பார்கள், மறுமுறையும் கேளுங்கள்.

இரண்டு: எழுதியவருக்குக் கைத்திறன் உடைய தொழிலாளிக்கு உரிய கூலியைக் கொடுங்கள். ஊருக்காகச் சும்மா செய்து தரட்டும் என்னும் எண்ணம் வேண்டா. கொத்தனாரைச் சும்மா அழைப்போமா?

மூன்று: ஓவியத்தின் கீழே எழுதியவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். வார்லி ஓவியமோ குறும்பர் ஓவியமோதான் வேண்டும் என்றால், அம்மக்கள் எழுதியதை விலை கொடுத்து வாங்குங்கள்; அல்லது அவர்களை அழைத்து எழுதச் செய்யுங்கள். அதுவும் இயலாவிடின், அது எந்த மக்களுடைய கலை என்பதையேனும் சுவரில் எழுதி வையுங்கள். பிறர் வயலில் விளைந்ததைச் சொல்லாமல் அறுப்பது முறையன்று என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு: கலைஞர்களுக்கென உள்ள உதவிகளை அவர்கள் அறியச் செய்யுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உள்ளது. கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதிற்கேற்ப விருதுகள் வழங்குகிறது. கைவினைஞர்களுக்கு மத்திய அரசின் அடையாள அட்டை உண்டு. பத்ம விருதுகளுக்குக்கூட எவர் வேண்டுமாயினும் எவரையும் பரிந்துரைக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது உறுப்பினரின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.

ஐந்து: பாராட்டுவதற்கு முன், அவருடைய குடும்ப அட்டை, சாதிச் சான்று, வீட்டு மனை, ஓய்வூதியம் ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று பாருங்கள். பொன்னாடை ஒரு மாலையில் மடிக்கப்பட்டுவிடும். மனு தீர்ந்தால் அடுப்பு எரியும்.

பெரியோர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் நம் ஒன்றியத்தில் மேலும் சில அங்கன்வாடி, பள்ளிக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையைப் பற்றி முடிவு செய்ய இருக்கிறோம். முன்பு நான் தயாரித்த மதிப்பீட்டில், எல்லாச் சுவருக்கும் அந்தக் குச்சி மனிதர்களையே எழுதுவதாகக் குறித்திருந்தேன். அப்பக்கத்தை நீக்கிவிட்டேன். அவ்விடத்தில், "ஊரார் எழுதுவது" என்று மட்டும் எழுதி, தொகையை மாற்றாமல் வைத்திருக்கிறேன். எவர் எழுதுவார், எதை எழுதுவார் என்பதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒரு பெயரேனும் கொண்டு வாருங்கள் என்று பணிவுடன் கேட்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.